அப்பா வாசம்

முதலில் தும்மவைக்கும், அப்புறம் பசிக்கவைக்கும், கடைசியில் தூங்கவைக்கும். அது என்ன?

சாம்பார் என்று சொன்னவர்கள் கையை இறக்குங்கள். விடை, பஞ்சநதம் துபாயிலிருந்து கொண்டுவரும் சென்ட். தோலில் பட்டதும் மிளகும் கிராம்பும் மூக்கைக் கிள்ளும். ஒரு உலை சோறு வேகும் நேரத்தில் அது அடங்கி, ஏலக்காயும் பட்டையும் மேலே வரும். பொழுது சாயும்போது அதுவும் போய், இழைத்த சந்தனக் கட்டையின் வாசம் மட்டும் தோலோடு தோலாக நிற்கும்.

இந்தக் கணக்கெல்லாம் பஞ்சநதத்துக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பீய்ச்சுவது மட்டும்.

இரண்டு வருஷம் கழித்துச் சீர்காழிப் பக்கம் தன் ஊருக்கு லீவில் வந்திருந்தான். மகள் பரிதிக்கு நாலு வயது. வந்து இருபத்தாறு நாளாகியும் அவள் அவன் மடிக்கு வரவில்லை. "அப்பா போன்ல இருக்காங்க" என்று அவனிடமே சொன்னாள். ஒருநாள் பக்கத்து அறைக்குப் போய் வீடியோ காலில் கூப்பிட்டுப் பார்த்தான். போனுக்கு மூன்று முத்தம் கிடைத்தது.

லீவு முடியப்போகிறது. மறுநாள் திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு அடுத்த நாள் விமானம். வேனில் போகிற அந்த நேரமாவது பிள்ளை தன் மடியில் உட்கார வேண்டும். பஞ்சநதம் திட்டம் போட்டான்.

"வானதி, பாப்பா கண்ணைக் கட்டுவோம். ஆளுக்கொரு கையை நீட்டுவோம். மோந்து பார்த்து அப்பா எதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டா நாளைக்கு என் மடி."

"தப்பா சொன்னா?"

"எப்படிச் சொல்லுவா? இந்த வீட்டுல சென்ட் போடுற ஆளு நான் ஒருத்தன்தானே!"

"அதானே" என்றாள் மனைவி. "சாயங்காலம் வச்சுக்கலாங்க. இப்ப வேலை கெடக்கு."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுருக்க ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவன் யோசித்திருக்க வேண்டும்.

சாயங்காலம், காலையில் போட்ட வாசம் மங்கியிருக்குமே என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதிதாகப் பன்னிரண்டு தடவை பீய்ச்சிக்கொண்டான். வாசலில் கட்டியிருந்த மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

துண்டால் கண்ணைக் கட்டிய பரிதி அவன் கையை மோந்தாள். மூன்று தும்மல்.

"அய்யே, ரசம்!"

பஞ்சநதத்துக்கு ஏதோ உறைத்தது. குனிந்து, பக்கத்தில் நீட்டியிருந்த வானதியின் மணிக்கட்டை மோந்து பார்த்தான். மெல்லிய சந்தனக் கட்டை.

"நீ எப்ப போட்ட?"

"காலையில ஒரு துளி. போன தடவை நீங்க மறந்து விட்டுட்டுப் போன பாட்டில். தெனமும் போடுறதுதான். இவ தூங்கப் போறப்ப இந்த வாசந்தான் மிஞ்சும். அப்பா வாசம்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

"இவளுக்காகவா?"

"அப்படின்னே வச்சுக்குங்களேன்" என்றாள், கையைப் பார்த்தபடி.

அவன் நீட்டிய கையை மடக்காமலே கெஞ்சினான்.

"விடியற வரைக்கும் பொறுக்கச் சொல்லேன். எனக்கும் அந்த வாசம் வந்துரும்."

"ஆட்டம் இப்பதானேங்க?"

பரிதி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் அப்பா" என்றாள்.