கள்ளி பூத்துவிட்டது, நான் வரவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போவதில்லை. உன் சௌக்கியத்தை மறுதபாலில் எழுது, இந்த முறை தேதி போட்டு.

போன வருடம் நீ விரலளவு கள்ளிச்செடி ஒன்றைக் கொடுத்து, "அக்கா, ஒரு வருஷத்துக்குள்ள இதைப் பூக்க வச்சிட்டா நீ தனியாவே இரு, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா மூட்டை கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடணும்" என்றாய். கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. செடி பூத்துவிட்டது. எனக்காக ஒழித்துவைத்த அறையில் நீ இனி எதை வேண்டுமானாலும் அடைத்துக்கொள்.

சும்மா பூக்கவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஒழுங்கில்லாமல் எதுவும் மலராது என்று தெரியும். காலை ஏழுக்குக் கிழக்கு ஜன்னல், பத்துக்குத் தோட்டத்துச் சுவர், மாலையில் சமையலறை மேடை என்று கால அட்டவணை போட்டேன். தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி என்று எழுதி ஒட்டினேன். ஒட்டி என்ன பயன்? பாத்திரம் தேய்க்க வருகிறவள், "பாவம், வாயில்லா ஜீவன்" என்று தினமும் ஒரு குவளை ஊற்றியிருக்கிறாள், அடி அழுகத் தொடங்கிவிட்டது, உடனே பிடுங்கி, அழுகலை வெட்டி, காய்வதற்காக நாற்காலியில் செய்தித்தாள் விரித்துக் கிடத்தினேன், குழாய் ரிப்பேர்காரர் வந்து அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். இடுக்கியும் பொறுமையும் மாடியில் குடியிருக்கும் தையல்காரரிடம்தான் உண்டு. முப்பத்தொரு முள். ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டி, "இது திரும்ப வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன், செடியின் சொத்தல்லவா.

செடி பிழைத்தது, மொட்டுதான் வரவில்லை. கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் போய்விட்டால் அவர் மெஷினை எந்த நேரமும் ஓட்டலாம், தட்டிக்கேட்க ஆளிருக்காது என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். விறுவிறுவென்று மாடியேறிவிட்டார்.

மறுநாள் காலை பூத்திருந்தது. மொட்டே விடாமல் நேராகப் பூ. ரோஜா நிறம். இருபத்து மூன்று நாளாக ஓர் இதழ் வாடவில்லை. இரண்டு மூன்று நாள்தான் தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எழுதியவர் கால அட்டவணை போட்டிருக்க மாட்டார். பூக்கடைக்காரியைக் கூட்டிவந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். பொறாமை. சாட்சியாகத் தையல்காரர் கையெழுத்திட்ட தாளை இணைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், ஆண்டவர் அவர்களை நேரத்தோடு எழுப்பட்டும்.

இப்படிக்கு,
வென்ற அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் பூவின் தூசியைத் துடைத்தேன். கையோடு வந்துவிட்டது. என் ரவிக்கைக்கு உள்துணியாகக் கொடுத்த சாட்டின், அடியில் பசை. தையல்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நீங்க போயிட்டா என்னைத் திட்டுறதுக்கு இந்த வீட்டுல யாரும்மா இருக்காங்க?" என்றார். ஆகவே நான் தோற்றேன். வாக்கு வாக்குதான், வருகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை முடியாது. ஐந்து இதழில் இரண்டுக்கு ஓரமே மடித்துத் தைக்கவில்லை, நூல் தொங்குகிறது. பிரித்து ஒழுங்காகத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் திருப்தியாக வந்ததும் புறப்படுவேன். எனக்கு எதுவும் லேசில் திருப்தியாகாது என்பது உனக்குத் தெரியும்.