ரெண்டு பக்கெட்டும் என் தேங்காய் நாரும்

எங்கள் தெருவில் 'ரெண்டு பக்கெட்' என்று ஒருவர் உண்டு; உலகத்து மனிதர்களை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார். இரண்டு பக்கெட் தண்ணீர் வைத்துக் கார் கழுவுகிறவர்கள் ஒரு வகை. மீதிப் பேரெல்லாம் காட்டுமிராண்டிகள். நாட்டை ஆள்கிறவரையே கொண்டுவந்து எதிரில் நிறுத்தினாலும், "இவரு வூட்டு வண்டிய எத்தினி பக்கெட்ல கழுவுறாங்க?" என்றுதான் முதலில் விசாரிப்பார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. சைக்கிள் ஹேண்டில்பாரில் வலது பக்கம் நீல பக்கெட், இடது பக்கம் சிவப்பு பக்கெட் தொங்க, வீடு வீடாகப் போய்க் கார் கழுவுகிறவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். முன்பு விழுப்புரத்தில் ஒரு கார் கம்பெனியில் வண்டி கழுவும் வேலையில் இருந்தாராம். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பக்கெட்தான் குடுப்போம்னாங்க டீச்சர். அத்தயும் நீங்களே வச்சிக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். என்னவோ ஜமீனையே உதறிவிட்டு வந்தவர் மாதிரி முகத்தில் ஒரு பெருமை.

நான் கணக்கு டீச்சர். வல்லம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பதினெட்டு வருஷம் இரண்டு பஸ் மாறி, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் பரீட்சைப் பேப்பர் கட்டுமாகத் தொங்கிக்கொண்டு போனவள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு கருநீலக் கார் வாங்கினான். திரும்பிப் போகிறபோது, சும்மா நின்றால் வண்டி கெட்டுவிடும் என்று சாவியை என்னிடம் கொடுத்தான். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஜன்னலை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு செஞ்சி ரோட்டில் போகிற சுகம் இருக்கிறதே, அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அண்ணன் கிளம்பும்போதே சொல்லியிருந்தான்: "ஒரு கீறலு பாத்தேன், சாவிய வாங்கிக்குவேன். அப்பறம் நீ பழையபடி பஸ்தான்."

வாரா வாரம் போன் பண்ணுவான். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டு முடித்த பிறகுதான் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பான்.

அவன் மறுபடி லீவில் வர ஒரு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நல்ல வெயிலில், வண்டியைத் தெருவில் நிறுத்தி நானே கழுவ ஆரம்பித்தேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பு, ஒரு பக்கெட் தண்ணீர், புதுத் தேங்காய் நார். இட்லிக் குண்டான் தேய்த்த கைதானே, காருக்கு மட்டும் தனியாகப் படிக்க வேண்டுமா என்ன? இடது விளக்குக்கு மேலே காக்காய் எச்சம் காய்ந்து கிடந்தது. அதைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

"அய்யய்யோ! கொல்றாங்களே!"

தெருவே வெளியில் ஓடி வந்தது. பாம்பு என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் கழியோடு வந்தார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு பக்கெட் பாய்ந்து வந்து என் கையிலிருந்த நாரைப் பிடுங்கினார்.

"இன்னா டீச்சர் இது? காரா, கரி புடிச்ச சட்டியா?"

தண்ணீர் ஊற்றிக் காட்டினார். வெயில் பட்டதும் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். நான் காம்பஸ் வைத்துப் போட்டால்கூட அத்தனை வட்டம் போட்டிருக்க மாட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர், "பஸ் பாஸ் இப்பவே எடுத்து வச்சிடட்டுமா?" என்றார். அவருக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது.

"நீங்களே இத சரி பண்ணிக் குடுத்துடுங்க" என்று ரெண்டு பக்கெட்டிடம் கெஞ்சினேன்.

"நான் பண்ணிட்டுப் போனா, நாளைக்கே நீங்க நார எடுத்துக்கினு வந்துருவீங்க. கத்துக்குங்க. உங்க கைதான் கீறிச்சி, உங்க கைதான் ஆத்தணும்."

அன்றைக்கே பாடம் ஆரம்பமானது. என் பக்கெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். விரலில் நறநறவென்று மண்.

"இந்த மண்ணத்தான் வண்டிமேல தேச்சிக்கினு இருந்தீங்க. நீலத்துல ஷாம்பு. செவப்புல வெறுந்தண்ணி. வண்டிமேல துணிய ஒரு இழுப்பு இழுத்தா, அத செவப்புல அலசிட்டுத்தான் மறுபடி நீலத்துல முக்கணும். எங்க, சொல்லுங்க."

சொன்னேன். மாற்றிச் சொன்னேன்.

"ஒரு வாட்டி சொன்னா மண்டையில ஏறாதா?"

இந்த வசனத்தைப் பதினெட்டு வருஷமாக நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! அவ்வளவு பேருடைய சாபமும் அன்றைக்குத்தான் பலித்தது.

வெயிலில் கழுவினால் ஷாம்பு காய்ந்து திட்டாகிவிடும், நிழல்தான் வேண்டும் என்றார். எங்கள் தெருவில் நிழல் என்று இருப்பது குடிநீர்த் தொட்டியின் நிழல் ஒன்றுதான். அதுவோ அரை மணிக்கு ஒருமுறை நகர்ந்துகொண்டே இருக்கும். நிழல் நகர நகர வண்டியையும் தள்ளவேண்டும். ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம், என்ஜின் சூட்டில் பானெட் காய்ந்துவிடுமாம். நானும் என் வீட்டுக்காரரும் பின்னாலிருந்து தள்ள, ரெண்டு பக்கெட் வெளியில் நின்றபடி ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் தொட்டியை அரை வட்டம் சுற்றிவிட்டோம். வண்டி ரிப்பேர் என்று நினைத்து மூன்று பேர் மெக்கானிக் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

துணி விஷயம் அதைவிடப் பேஜார். மேலுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உள்ளே டேஷ்போர்டுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, ஈரம் ஒற்றுவதற்கு ஒன்று. ஒற்றத்தான் வேண்டும், துடைக்கக் கூடாது. ஒருநாள் டயர்த் துணியால் கதவைத் தொட்டுவிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு நாள் தெருப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, மெத்துமெத்தென்ற கார்த் துணி விழுப்புரத்தில்தான் நல்லதாகக் கிடைக்கும் என்று என்னை அனுப்பினார். கார் சாவியை எடுத்தேன்.

"கழுவுன வண்டிய யாராச்சும் ரோட்டுல ஓட்டுவாங்களா? பஸ்ல போய்ட்டு வாங்க!"

எந்தப் பஸ்ஸுக்குப் பயந்து இத்தனை பாடுபடுகிறேனோ, அதே பஸ்ஸில் போய்த் துணி வாங்கி வந்தேன்.

நடுவில் ஒருநாள் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனபோது வண்டியின் நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து வந்தேன். ரெண்டு பக்கெட் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றினார்.

"சாமி குத்தம் ஆயிடாதுங்களா?" என்றேன்.

"ஊத்துனா அபிஷேகம் டீச்சர். தேச்சாத்தான் குத்தம்."

நான்கு ஞாயிற்றுக்கிழமை, பாலீஷைப் பொட்டுப் பொட்டாக வைத்துத் துணியால் தேய்த்தே என் தோள்பட்டை கழன்றுபோனது. வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் பானெட்டில் என் முகம் தெரிந்தது, நரைமுடி உட்பட. காக்காய் எச்சத்தை அழுத்தித் தேய்த்த இடத்தில் மட்டும், இடது விளக்குக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் அப்படியே நின்றது. "இது ஆழம். போவாது டீச்சர்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிப்போனது.

அண்ணன் வந்தான். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேராக வண்டியிடம் போனான். சுற்றிச் சுற்றி வந்தான். "பரவால்லியே, புதுசு மாதிரி வச்சிருக்க" என்றான். தன் வேலையைப் பார்க்க வந்திருந்த ரெண்டு பக்கெட் கேட் ஓரமாகச் சைக்கிளோடு நின்றார். அண்ணன் குனிந்தான். இடது விளக்குக்கு மேலே விரல் போய் நின்றது.

"இன்னாது இது? யாரு பண்ணது?"

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற வாய் எனக்கு. அன்றைக்குத் திறக்கவே இல்லை. அண்ணன் சாவிக்காகக் கையை நீட்டிவிட்டான்.

"நான்தாங்க."

திரும்பிப் பார்த்தோம். ரெண்டு பக்கெட் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"டீச்சர் மேல தப்பில்லீங்க. அன்னிக்கு அவசரத்துல... ஒரே பக்கெட்ல கழுவிட்டேங்க."

காப்பி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அண்ணனுக்கு மட்டும்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியாது. அவன் பாட்டுக்கு, "இன்னாய்யா நீ, தொழில்காரன்னு சொல்லிக்கினு! இனிமே என் வண்டிமேல கைய வைக்காத" என்று கத்தினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். சாவி என்னிடமே இருந்தது.

தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "ஏங்க அப்படி ஒரு பொய் சொன்னீங்க?"

"பின்ன இன்னா பண்றது? நீங்க பஸ்ல போய்ட்டா நான் யாருக்குச் சொல்லிக் குடுக்கிறது?" சைக்கிளில் ஏறினவர் திரும்பிப் பார்த்தார். "பக்கெட்ட கவுத்து வைங்க, மண்ணு தங்கிடும்."

அண்ணன் டீக்கடையில் சொல்லி, அது ஊர் முழுக்கப் பரவியது. இப்போது தெருவில் அவரை 'ஒத்த பக்கெட்' என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு வீட்டில் அவரிடம் வண்டி கழுவக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே போகிறார். அண்ணன் மறுபடி மஸ்கட் போய்விட்டான். ஆனாலும் அவன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் என் வண்டியைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எதிர்ப்பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "செவப்புல அலசுங்க டீச்சர், செவப்புல!" என்று கத்துகிறார்.

நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அண்ணன் அங்கே தவறாமல் படிக்கிறான். படிக்கட்டும். அண்ணா, அந்தக் கீறல் நான் போட்டது. நாரும் என்னுடையது, சோப்பும் என்னுடையது. சாவி வேண்டுமென்றால் வாங்கிக்கொள், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். அந்த மனுஷன் ஒரு நாளும் ஒரே பக்கெட்டில் கார் கழுவியதில்லை.