துப்பாக்கிக்கு ஒரு கெட்டியான பெட்டி

இறைச்சி வேண்டும் என்றால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறைச்சி நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். கிரீன்லாந்தில் இந்த உண்மையை நெடுங்காலம் யாரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு அலுவலகம் இல்லாததே காரணம். பிறகு அலுவலகம் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் கிழ வேட்டைக்காரர் போவாஸின் ஊரில் கடல் சரியாக உறையவில்லை. நடந்து போக முடியாத அளவுக்குப் பனிக்கட்டி மெலிந்திருந்தது, படகு விட முடியாத அளவுக்குத் தடித்திருந்தது. ஒரு கடல்நாய் கூட வீட்டுக்கு வந்து சேரவில்லை. போவாஸின் குளிர்பெட்டியில் கொஞ்சம் மீனும், மருமகன் கடையில் வாங்கிக் கொடுத்த கோழியும் கிடந்தன. கோழியை அவர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போதுதான் குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது. விமானத்தில் போய்ச் சேர வேண்டிய தெற்குச் சமவெளியில் ஒரு கஸ்தூரி எருதைச் சுட்டுக்கொள்ள அனுமதி. ஓர் எருது என்றால் வசந்தம் வரைக்கும் இரண்டு பேர் வயிற்றுக்குக் கவலையில்லை. பருவம் முடியச் சில நாள்தான் பாக்கி. வேட்டையாடாமல் விட்டால் அனுமதி செத்துவிடும்.

முன்பெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை. துப்பாக்கியைக் கடல்நாய்த் தோலுறையில் செருகி விமானியிடம் நீட்டினால், "குண்டு எங்க பெரியவரே?" என்று கேட்பான். "பையில இருக்கு" என்றால், "சரி" என்று உறையைத் தன் இருக்கைக்குப் பின்னால் சாத்திவிடுவான். இந்த முறையில் இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை. எனவே இதை உடனடியாக மாற்றியாக வேண்டும் என்பது தலைநகரில் இருந்த வான்வழி வேட்டை ஆயுதப் பேழை ஒழுங்காற்று வாரியத்துக்குத் தெள்ளத் தெளிவாகப் புலப்பட்டது.

வாரியம் ஆணை பிறப்பித்தது. இனி வேட்டைத் துப்பாக்கிகள் கெட்டியானதும், வளையாததும், பூட்டப்பட்டதுமான பேழையில் மட்டுமே விமானத்தில் பறக்கும். புறப்படும் நிலையத்தில் அதற்கு ஈய முத்திரை இடப்படும். சேரும் நிலையத்தில் அலுவலர் முன்னிலையில் பேழை திறக்கப்பட்டு, ஆயுதம் வெளியே எடுத்துக் காட்டப்பட்ட பின்னரே உரியவர் அதைக் கொண்டுசெல்லலாம். பேழை எங்கே கிடைக்கும் என்பது பற்றி ஆணை பேசவில்லை. கடைக்குச் சரக்குக் கப்பல் வரப் பனி உருக வேண்டும்.

ஊரில் இருந்தது ஒரே ஒரு பெட்டிதான். விமான நிலையத்தில், கண்ணாடி அலமாரிக்குள், விளக்கு வெளிச்சத்தில் படுத்திருந்தது. அதற்குக் காவலாக நிலைய அலுவலன் எமில் உட்கார்ந்திருந்தான். டென்மார்க்கில் படித்துவிட்டுக் கழுத்துப்பட்டையோடு திரும்பி வந்தவன். ஊரில் கழுத்துப்பட்டை கட்டுகிறவர்கள் இரண்டே பேர், அவனும் பாதிரியாரும். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"அந்தப் பெட்டியக் குடு தம்பி. போயிட்டு வந்து திருப்பித் தரேன்," என்றார் போவாஸ்.

"அது காட்சிக்கு வச்ச பெட்டி, பெரியவரே. பெட்டி எப்படி இருக்கணும்னு மக்கள் தெரிஞ்சுக்கறதுக்கு வச்சிருக்கு."

"தெரிஞ்சுக்கிட்டேன். குடு."

"உங்ககிட்ட குடுத்துட்டா அடுத்தவர் எப்படித் தெரிஞ்சுக்குவாரு?"

போவாஸ் வீட்டுக்கு வந்து காப்பிக் கோப்பையை மேசையில் இடித்து இடித்து வைத்தார். அவர் மனைவி பிபியானே கோப்பையைப் பிடுங்கி வைத்தாள்.

"கோப்பை என்ன செஞ்சுது பாவம்? அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"கெட்டியா இருக்கணுமாம். வளையக் கூடாதாம்."

"ஏ மனுசா, இதுக்கா இந்த மூஞ்சி? தோலுறைய நனைச்சு வெளியில தொங்கவிடு. தானா கெட்டியாயிட்டுப் போகுது. மேல் பக்கம் மட்டும் நனை. உள்ள ரோமத்துல தண்ணி பட்டுச்சோ, துப்பாக்கிய மறந்துட வேண்டியதுதான்."

துணி உலர்த்தும் கயிற்றில் சட்டையை மறந்து விட்டால் மறுநாள் அதைப் பலகை மாதிரி தூக்கிக்கொண்டு வருகிற ஊர் அது. போவாஸ் துப்பாக்கியை உறையில் செருகி, தோலின் மேல் பக்கம் தண்ணீர் தெளித்து, வாசலில் தொங்கவிட்டார். காப்பி தீர்வதற்குள் உறை இரும்பாகிவிட்டது. வாய்ப்பக்கம் துளையிட்டுச் சங்கிலி கோத்து, படகுப் பூட்டை மாட்டினாள் பிபியானே. துப்பாக்கி உள்ளே லேசாக, சுகமாக ஆடியது.

மறுநாள் எமில் அந்தப் பேழையைக் கையால் தட்டிப் பார்த்தான். வளைத்துப் பார்த்தான், வளையவில்லை. ஆணைப்படி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டான். தரையில் ஓடு உடைந்தது, பேழைக்கு ஒன்றுமில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றான் வருத்தத்தோடு. ஈய முத்திரை இட்டான்.

போவாஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் காற்று பலமாக இருந்ததால் விமானம் வரவில்லை. எல்லாரும் கூடத்தில் காத்திருந்தார்கள். அரசு நிலையம் அல்லவா, கதகதப்புக்குக் குறைவில்லை. கொஞ்ச நேரத்தில் பேழையிலிருந்து சொட்டத் தொடங்கியது.

எமில் வந்து ஒரு விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போனது.

"பெரியவரே, உங்க பேழை எங்க?"

"இதோ, உன் விரலுக்குக் கீழ."

"இது பேழை இல்ல. வெறும் தோல். பேழையோட உள்ள வந்தீங்க, இப்ப பேழை இல்லாம ஆயுதம் வச்சிருக்கீங்க. இது பெரிய குத்தம்."

"நான் எங்கயும் போகல தம்பி. பேழைதான் போயிருச்சு."

"வெளியில போய்ப் பேழையோட வாங்க."

போவாஸ் வெளியே போய் நின்றார். உறை இறுகியது. உள்ளே வந்தார். முத்திரை விழுந்தது. சொட்டியது. மறுபடி வெளியே போனார். ஒவ்வொரு முறை உருகும்போதும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே, ரோமத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் அறிந்திருந்தார். சொன்னார். துப்பாக்கியின் நலன் தன் துறையில் வராது என்று எமில் பதில் சொன்னான்.

கடைசியில் எமில் தலைநகருக்குத் தொலைபேசினான். வாரியம் அவசரக் கூட்டம் கூடி ஆராய்ந்தது. பேழை எதனால் செய்யப்பட வேண்டும் என்று ஆணையில் இல்லை. பயணம் முடியும்வரை அது கெட்டியாக இருக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. ஆகவே பேழையைக் கெட்டியாக வைத்திருப்பது நிலையத்தின் கடமை.

எமில் போய்க் கூடத்துச் சூட்டை அணைத்தான்.

"ஒரு துப்பாக்கிக்காக நாங்க எல்லாரும் விறைச்சுச் சாகணுமா?" என்று பள்ளி ஆசிரியர் அஸர் கத்தினார்.

"துப்பாக்கிக்காக இல்ல சார், விதிக்காக."

அஸர் உட்கார்ந்துவிட்டார். விதிக்காக என்றால் வேறு விஷயம்.

அந்தக் கூடத்தில் மகிழ்ச்சியோடு இருந்தவள் ஒருத்திதான். பார்னுனா என்று பெயர். தலைநகரில் பெரிய இடத்துப் பெண்களுக்கு உடை, அலங்காரம் பற்றி ஆலோசனை சொல்கிறவள். பேழையைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள்.

"எவ்வளவு அசலா இருக்கு! இது உங்க முன்னோர் முறையா?"

"இல்லம்மா. நேத்துத்தான்," என்றார் போவாஸ்.

"எவ்ளோ அடக்கம் பாருங்க!" என்று சொல்லி இன்னொரு படம் எடுத்தாள்.

காற்று அடங்கி விமானம் வந்தபோது பருவத்தின் கடைசி நாள் பிறந்திருந்தது. விமானத்திலும் சூடு கிடையாது. பயணிகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு பறந்தார்கள். ஜென்மப் பகைக்காரர்கள் சிலர் அன்று ராசியானதாகக் கேள்வி. வாரியத்தின் ஆண்டறிக்கையில் அதுவும் ஒரு சாதனையாகச் சேர்ந்தது.

தெற்குச் சமவெளியில் இறங்கியதும் போவாஸின் கண்ணில் முதலில் பட்டது எருதுகள்தான். ஓடுபாதைக்கு அப்பால் ஒரு கூட்டம் பனியைக் கிளறிப் புல் தின்றுகொண்டிருந்தது. அவருக்கு வாயூறியது. ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்குள் போனார். கூடம் கல்லறை போல் குளிர்ந்திருந்தது. சூட்டை அணைக்கச் சொன்ன வாரியத்தின் சுற்றறிக்கை அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

அங்கே அலுவலர் ஊல்ரிக்கே என்ற அம்மாள். இரண்டு கம்பளிக்கு மேல் சீருடை போட்டிருந்தாள். பேழையைத் தட்டினாள். திருப்தி. முத்திரையை வெட்டினாள், பூட்டைத் திறக்கச் சொன்னாள்.

"ஆயுதத்தை எடுத்துக் காட்டுங்க."

போவாஸ் இழுத்தார். வரவில்லை. காலால் உதைத்துக்கொண்டு இழுத்தார். உள்ளே இறங்கிய தண்ணீர் எல்லாம் இறுகி, துப்பாக்கியும் தோலும் ஒரே உடம்பாகிவிட்டிருந்தன.

"ஒட்டிக்கிச்சும்மா. பக்கத்துல என் தங்கச்சி வீடு இருக்கு. அடுப்புகிட்ட வச்சு எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"எடுத்துக் காட்டுனாத்தான் வெளிய விட முடியும்."

"எடுக்கணும்னா சூடு வேணும்."

"சூடு காட்டுனா பேழை இளகிடும். இளகுன பேழையில வந்த ஆயுதம்னா பறிமுதல் செய்யணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

ஊல்ரிக்கே உண்மையிலேயே யோசித்தாள். நல்ல மனசுக்காரி. "காத்திருங்க," என்றாள்.

போவாஸ் பேழையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதன்மேல் சாய்ந்தார். பிறகு மெல்ல அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"பெரியவரே, உட்காராதீங்க. உங்க உடம்புச் சூடு ஏறுது."

"என் உடம்புல ஏதும்மா சூடு? அதையுந்தான் அணைச்சிட்டீங்களே."

எருதுகள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து வந்தன. ஒரு கிழட்டு எருது கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தது. இத்தனை ஆட்கள் இவ்வளவு ஒழுக்கமாக நடுங்கியதை அது முன்பு கண்டதில்லை போலும், நெடுநேரம் பார்த்துக்கொண்டே மென்றது. வெயில் சாய்ந்தது. பருவம் முடிந்தது. போவாஸின் அனுமதி செத்தது.

அந்த ஆண்டு விமானத்தில் வந்த வேட்டைக்காரர்களால் ஓர் எருதுக்கும் சேதமில்லை என்று வாரியம் கண்டறிந்தது. எருதுகளைக் காப்பதே ஆணையின் நோக்கமாக இருந்தது என்பதும் அப்போதுதான் வாரியத்துக்கு நினைவு வந்தது. ஆணைக்கு விழா எடுக்க முடிவாயிற்று. பேழையைக் கண்டுபிடித்தவரின் ஊரிலேயே விழா.

இதற்குள் பார்னுனாவின் படங்கள் தலைநகரைப் பிடித்து ஆட்டிவிட்டிருந்தன. இறுகிய கடல்நாய்த் தோலில் கைப்பை வைத்திராத பெண் வெளியே தலைகாட்ட முடியாது என்றாகிவிட்டது. விழாவுக்கு வந்த அம்மாள்கள் எல்லாரும் அப்படி ஒன்றை மார்போடு அணைத்திருந்தார்கள். பை இளகினால் மானம் போய்விடும் என்பதால் ஊர் மன்றத்திலும் சூடு அணைக்கப்பட்டது.

போவாஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல நாளாக ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். அதில் பணிவான சொல் ஒன்றுகூட இல்லை. பேச்சு முடியும்போது எமிலின் கழுத்துப்பட்டையை என்ன செய்வது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார். ஆனால் வாரியத் தலைவர் பேசத் தொடங்குமுன் பெரிய அண்டாவில் ஆவி பறக்க எருதுக்கறிச் சூப் வந்தது.

போவாஸ் எமிலின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யாரு சுட்டது இத?"

"வாரியம்தான், பெரியவரே. ஹெலிகாப்டர்ல போய்ச் சுட்டாங்க."

"அவங்க துப்பாக்கிக்குப் பேழை?"

"ஆணையில விமானம்னுதான் இருக்கு. ஹெலிகாப்டர்னு எங்க இருக்கு?"

கிண்ணம் கைக்கு வந்தது. சுடச்சுட, கொழுப்பு மிதக்க, கறி கறியாக. அந்தக் குளிர்காலம் முழுவதும் போவாஸ் நினைத்துக்கொண்டே இருந்த வாசனை. அவர் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்தார். விரல்களில் உயிர் வந்தது.

தலைவர் எழுந்தார். மக்களின் கருத்தைக் கேளாமல் வாரியம் எதையும் செய்வதில்லை என்றார். கத்தி, ஈட்டி, தூண்டில் முள் ஆகியவற்றுக்கும் இந்த ஆணையை நீட்டிக்க எண்ணியிருப்பதாகச் சொன்னார்.

"எதிர்ப்பவர்கள் தயங்காமல் கையை உயர்த்தலாம்."

பிபியானே முழங்கையால் இடித்தாள். "தூக்கு மனுசா கைய. இதுக்குத்தானே ராவும் பகலும் முணுமுணுத்துக்கிட்டுக் கிடந்த?"

"சும்மா இரு, சூப் கொட்டிரும். நீ தூக்கு."

பிபியானே தன் கைகளைப் பார்த்தாள். அவளுடைய கிண்ணமும் நிறைந்திருந்தது. அஸர் வாத்தியார், படகுக்காரர்கள், பாதிரியார் எல்லாரும் இரண்டு கையாலும் கிண்ணத்தைக் கட்டிப் பிடித்திருந்தார்கள்.

தலைவர் மன்றத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஒரு கை கூட உயரவில்லை. ஆணை ஒருமனதாக நிறைவேறியது.