நாற்பத்தாறா, ஆயிரத்து நூற்றைம்பதா?

“ரெசிஸ்டன்ஸு ஆயிரத்து நூத்தி அம்பது ஓம் சார். பவரு நாப்பத்தாறு வாட்!”

ஒரே மூச்சில் ஒப்பித்த ராஜாங்கத்துக்கு, சொன்ன மறுநொடியே எதையோ மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் பையில் இரண்டு பேனா இருந்தது.

“எரநூத்தி முப்பது வோல்ட்டு, அஞ்சு ஆம்ப்ஸு. நல்லா யோசிச்சுதான் சொன்னீங்களா?”

ராஜாங்கத்துக்கு வியர்த்தது. தொண்டூரில் அவன் ஒயரிங் செய்யாத வீடு கிடையாது. ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. ஊரில் கட்டுகிற புதுப் பள்ளிக்கூடத்து வேலை, சான்றிதழ் உள்ளவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் நாற்பத்து மூன்று வயதில் செஞ்சிக்கு வந்து, இந்தப் பயிற்சி நிலையத்துப் பரீட்சை அறையில் விழித்துக்கொண்டிருந்தான்.

“கணக்கு எனுக்கு வராது சார். செஞ்சே காட்டிடறேன், பாருங்க.”

மேசை மேல் ஒரு சுருள் ஹீட்டரும், ஆம்ப்ஸ் அளக்கும் மீட்டரும் இருந்தன. பதற்றத்தில் மீட்டரின் இரண்டு ஒயரையும் நேராகக் கரண்ட்டிலேயே கொடுத்து சுவிட்சைப் போட்டான். ‘பட்’ என்றது. ஃப்யூஸ் போய், மின்விசிறி நின்றது.

“இன்னாங்க இது?”

“ஒண்ணுமில்ல சார், ஃப்யூஸ் வீக்கு.”

ஃப்யூஸ் கம்பியை இரண்டாக மடித்துக் கட்டி, மீட்டரைக் கழற்றாமலே மறுபடி போட்டான். ‘டமார்!’ இந்த முறை கட்டடத்துக்கே கரண்ட் போனது. பக்கத்து அறைத் தையல் வகுப்பிலிருந்து பத்துப் பெண்கள் ஒரே குரலில் “அய்யோ!” என்றார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர் நாற்காலியோடு சுவர் ஓரம் ஒதுங்கிவிட்டார்.

பள்ளிக்கூடத்து வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே ராஜாங்கம் ஓடிப்போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். ஒழுங்கான கம்பியாகப் பார்த்துக் கட்டினான். கரண்ட் மீட்டருக்குள் புகுந்து ஹீட்டருக்குப் போகும்படி ஒயரை நிதானமாக மாற்றினான். மீட்டருக்கு ஆயுசு கெட்டி. முள் மெதுவாக ஏறி ஐந்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் சுருள் செக்கச்செவேல் என்று பழுத்தது.

ராஜாங்கம் அதையே பார்த்தான். நாற்பத்தாறு வாட் என்றால் ஒரு குண்டு பல்பு. அது இப்படியா காயும்?

“சார்! மாத்திட்டேன் சார்! ரெண்டையும் பெருக்கினா பவரு, ஆயிரத்து நூத்தி அம்பது வாட். வோல்ட்ட ஆம்ப்ஸால வகுத்தா ரெசிஸ்டன்ஸு, நாப்பத்தாறு ஓம்!”

“பெருக்கினா பவரு... வகுத்தா ரெசிஸ்டன்ஸு...” என்று முணுமுணுத்தபடி அவர் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பெருமூச்சு விட்டார். “அப்பாடா! இப்பத்தாங்க மனசு நெறைஞ்சுது.”

எவ்வளவு தங்கமான ஆபீசர்! ராஜாங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

அறை பெருக்கும் குஞ்சம்மாள் கையில் ஒரு சீட்டோடு எட்டிப் பார்த்தாள்.

“நேமிகுமாரு, ராஜாங்கம்... பரீட்ச எழுத வந்தவங்க நீங்க ரெண்டு பேருதானா? போயி டீ சாப்ட்டு வாங்க, ஆபீசரு இப்பதான் திண்டிவனத்துல பஸ் ஏறுனாராம்.”