எட்டுப் பக்கத் தீர்ப்பு

நடுநிலையைப் போல் ஆபத்தான ஒழுக்கம் வேறில்லை என்பதை, இருபத்திரண்டாம் வயதில், பெரம்பலூர் வாசக மன்றத்தில், எழுபது பேர் முன்னிலையில் நான் நிரூபித்துக் காட்டினேன். அதற்கு முன் எனக்கு வேறு குறைகள் இருந்ததாக நினைவில்லை. (இருந்தன என்பாள் என் தங்கை. அவளுடைய பட்டியல் இந்தக் கட்டுரையில் அடங்காது.)

திருச்சிக் கல்லூரியில் நான் பட்டத்துக்குப் படித்ததைவிட மேடைக்குப் படித்ததே அதிகம். விடுமுறை நாள்களில் அரியலூரிலிருந்து திருமழபாடிக்குப் போய், கொள்ளிடத்து மணலில் நின்றுகொண்டு, என் குரல் அக்கரை சேரும்வரை எதிர்க்காற்றில் முழங்கிப் பழகினேன். அக்கரையில் கேட்க ஒருவரும் இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. எந்தத் தலைப்பானாலும் எந்தப் பக்கத்திலும் பேசுவேன். குறுக்கிடுபவரை ஒரே கையசைவில் அமர்த்துவேன். உரையின் உச்சத்தில் ஏதேனும் ஒரு பொருளைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுவேன். இந்தக் கடைசி இரண்டு திறமைகளையும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அரியலூர் மாட்டுச் சந்தையில் நான் ஆற்றிய ஓர் உரையைக் கேட்டுவிட்டுத்தான் பெரம்பலூர்க் கால்நடை மருத்துவர் தங்கவேலு என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். உலகப் போர் முடியாத காலம் அது. அவருடைய மனைவி சரோஜினி பெண்கள் பள்ளி ஆசிரியை. அந்த வீட்டில் ஒரு கிராமபோனும், ஒரே மேல்நாட்டு இசையை வெவ்வேறு கலைஞர்கள் வாசித்த இரண்டு பதிவுகளும் இருந்தன. அது வயலின் கான்செர்ட்டோ. ஒற்றை வயலின் ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தோடு வாதாடுவது போன்ற அமைப்பு. (ஒருவர் பேச, அவை முழுதும் எதிர்த்துப் பேசுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். உடனே பிடித்துப் போயிற்று.) பதிவு ஒன்றுக்கு நான்கு இசைத்தட்டுகள், எட்டுப் பக்கங்கள். ஒன்று, பூனாவில் ராணுவக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த நாளில் டாக்டருக்குக் கிடைத்தது. மற்றொன்று, பயிற்சிப் பள்ளி விடுதியில் டீச்சர் கேட்டுக் கேட்டு மனனம் செய்தது. விடுதியை மூடியபோது, வேறு எதையும் கேட்காமல் அதை மட்டும் கேட்டு வாங்கி வந்தாராம்.

திருச்சிக் கடை ஒன்றில் அதே இசைக்கு மூன்றாவது கலைஞர் ஒருவரின் பதிவு வந்திருந்தது. ஆனால் இசைத்தட்டு வார்க்கும் அரக்குக்குப் போரினால் தட்டுப்பாடு என்பதால், நான்கு பழைய தட்டுகளைக் கொடுத்தால்தான் நான்கு புதிய தட்டுகள் தருவோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பழையவற்றை உருக்கிவிடுவார்கள்.

"ரெண்டு மாசமா வூட்ல இதே பேச்சுதான் கலியபெருமாள் தம்பி," என்றார் டாக்டர். "எந்த செட்டைக் குடுக்கறதுன்னு முடிவாகல. நீங்க ரெண்டையும் கேட்டுட்டு ஒன்னைச் சொல்லிடுங்க."

"தம்பிக்கு சங்கீதம் தெரியுமான்னு கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"தெரியாதுங்கறதாலதான் கூப்புடறேன். தெரிஞ்சவன் இந்நேரம் ஒரு பக்கம் சாஞ்சிருப்பான்."

இந்தத் தகுதிச் சான்றிதழை நான் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன். தீர்ப்பை வீட்டுக்குள் முணுமுணுப்பது என் தரத்துக்குக் குறைவு என்பதால், அடுத்த ஞாயிறு காலை வாசக மன்றத்தில் பொது உரையாகவே வழங்குவதாக அறிவித்தேன். புறப்படும்போது டீச்சர் வாசல் வரை வந்தார்.

"உருக்கிட்டா போனதுதான் தம்பி. நிதானமா கேட்டுச் சொல்லுங்க."

பெட்ரோல் கிடைக்காத அந்நாளின் கரிவாயு பஸ்ஸில் கிராமபோனை மடியிலும் எட்டுத் தட்டுகளைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டு அரியலூர் வந்து சேர்ந்தேன். வந்ததும் முதல் வேலையாக, கலைஞர்களின் பெயர் என் தீர்ப்பைச் சாய்த்துவிடக் கூடாதென்று, எல்லாத் தட்டுகளின் நடுவிலும் இருபுறமும் சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டினேன். டீச்சருடையது 'அ'. டாக்டருடையது 'ஆ'. உறையில் இருந்த வரிசைப்படி தட்டு எண் மட்டும் எழுதினேன். அச்சிட்டிருந்த ஓர் எழுத்தைக்கூட நான் படிக்கவில்லை. அந்த நேர்மையை நினைத்து அன்று எனக்கே கண் கலங்கியது.

பிறகு ஆறு நாள் கேட்டேன். ஒவ்வொரு தட்டிலும் முன்பக்கம் ஒலிக்கும், திருப்பினால் பின்பக்கம். 'அ' ஒழுங்காகத் தொடங்கி, ஒழுங்காக நடந்து, ஒழுங்காக முடிந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. 'ஆ' என்னை உலுக்கிவிட்டது. அந்தக் கலைஞர் தொடக்கத்தைச் சொன்னவுடனே, வாத்தியங்கள் அனைத்தும் முழங்க, முடிவை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு தொடக்கத்துக்குத் திரும்பினார். மீண்டும் முடிவை நோக்கிப் பாய்ந்தார். கடைசியில், மெல்லிய ஓர் இசையை நடுவிலேயே நிறுத்தி, விடையில்லாத கேள்வியாக விட்டுச் சென்றார். முடிவை முதலில் சொல், கேள்வியோடு இறங்கு என்பதுதான் எனக்கு மேடை கற்பித்த பாடம். கடல் கடந்து ஒரு வயலின்காரரும் அதையே படித்திருக்கிறார் என்று நான் புல்லரித்துப் போனேன்.

ஞாயிறு காலை மன்றம் நிரம்பியிருந்தது. குன்னத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்ததால் டாக்டர் போய்விட்டார். டீச்சர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். நான் 'அ'வின் முதல் தட்டை ஒலிக்கச் செய்து, "கணக்கர் நிலவரி படிப்பது போன்ற ஒழுங்கு," என்றேன். கைதட்டல். 'ஆ'வின் முதல் தட்டை வைத்து, பிறகு திருப்பினேன். முழக்கம் எழுந்தது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்," என்று எழுந்தார்.

கையசைத்தேன். "குறுக்கீடுகளுக்கு இறுதியில் இடம் உண்டு, அம்மா. கலைஞன் பேசும்போது அவை கேட்கட்டும்."

பெருத்த கைதட்டல். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். பயிற்சி வீண்போகவில்லை.

அடுத்த அரைமணி நேரம் நான் பேசிய பேச்சை என் வாழ்நாளில் மீண்டும் பேசியதில்லை. உச்சத்தை எட்டியபோது 'அ'வின் மூன்றாம் தட்டை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினேன். "புதியது வர, பழையது உருகுவதே..." என்று தொடங்கினேன். உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. தட்டு சிமெண்டுத் தரையில் ஐந்து துண்டுகளாகக் கிடந்தது. அதுவும் உரையின் ஓர் அங்கம் என்று நினைத்து அவை எழுந்து நின்று கைதட்டியது.

மன்றச் செயலாளர் ஒரு பருத்தி வியாபாரி. என் கையைப் பற்றிக்கொண்டு, "ரெண்டு தட்டும் எனக்கு ஒன்னுபோலதாங்க இருந்துச்சு. ஆனா பேச்சு பிரமாதம்," என்றார்.

கூட்டம் கலைந்த பின் டீச்சர் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கினார். பிறகு 'ஆ'வின் முதல் தட்டை எடுத்து, விரலை நனைத்து, நான் ஒட்டிய காகிதத்தை உரித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் உரித்தார்.

"படிங்க தம்பி."

முன்னால் ஒன்றாம் பக்கம். பின்னால் எட்டாம் பக்கம்.

"வெளிநாட்டுல தட்டை அடுக்கி வச்சா தானா ஒன்னொன்னா விழற மெஷின் இருக்காம். நாலு முன்பக்கமும் முடிஞ்சப்புறம் மொத்தமா திருப்பிப் போடுவாங்க. அதுக்குத் தோதா அடிச்ச செட்டு இது. ஒன்னுக்குப் பின்னால எட்டு, ரெண்டுக்குப் பின்னால ஏழு."

"அப்படின்னா நான் பேசினது..."

"நல்லாப் பேசினீங்க. அந்த வயலின்காரர்தான் அப்படி வாசிக்கல."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபத்துக்கு எதிராகப் பேச எனக்குப் பயிற்சி உண்டு. கைக்குட்டை முடிச்சைப் பார்த்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

டாக்டர் நண்பகலில் மன்றத்துக்கு வந்தார், சட்டையெல்லாம் வைக்கோல். "கன்னு பொழச்சுடுச்சு. இங்க எது பொழச்சுது?"

ஊரே கைதட்டி ஏற்றுக்கொண்ட தீர்ப்பு என் கையில் இருந்தது. நான் வாய் திறக்காவிட்டால் டீச்சரும் திறந்திருக்க மாட்டார் என்று இப்போதும் நம்புகிறேன். டாக்டரின் செட்டு வென்றிருக்கும். மிச்சமிருந்த மூன்றும் ஐந்து துண்டுகளும் திருச்சிக்குப் போயிருக்கும். உருக்குபவருக்கு உடைந்தது உடையாதது எல்லாம் ஒன்றுதான். நான் பேசியதிலேயே மிகச் சிறிய உரையை அப்போது ஆற்றினேன்.

"தப்பாக் கேட்டேங்க. தப்பாச் சொன்னேன். அவங்க சொல்ல வந்ததையும் தடுத்துட்டேன்."

(அடுத்த ஞாயிறு மன்றத்தில் இதையே திரும்பச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "போன வாரந்தாங்க நல்லா இருந்துச்சு," என்றார் செயலாளர்.)

டாக்டர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். "அஞ்சும் ஆறுமா போச்சு?" என்று மனைவியைக் கேட்டார். மெதுவாகச் செல்லும் நடுப்பகுதி முழுதும் அந்தத் தட்டில்தான் இருந்தது. பிறகு தம் நான்காம் தட்டையும் மூன்றாம் தட்டையும் உறையிலிருந்து எடுத்து, ஐந்தாம் பக்கமும் ஆறாம் பக்கமும் மேலே இருக்கும்படி டீச்சர் கையில் கொடுத்தார். அங்கேயே கிராமபோனைச் சுற்றிவிட்டார்கள். டீச்சரின் வயலின்காரர் நான்கு பக்கம் வாசித்தார். அடுத்த இரண்டு பக்கம் டாக்டரின் வயலின்காரர். மறுபடியும் டீச்சருடையவர். இரண்டு பதிவுகளும் ஒரே இடத்தில் பக்கம் திரும்பவில்லை. எனவே வயலின்காரர் மாறும் ஓர் ஒட்டில் நான்கு ஸ்வரங்கள் இரண்டு முறை வந்தன.

அதன் பிறகு எந்த செட்டைக் கொடுத்தாலும் அந்த ஒட்டுப்போட்ட இசை கிடைக்காது என்றாகிவிட்டது. திருச்சிக் கடையின் மூன்றாவது கலைஞரை அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

அவர்களுடைய மகள் அந்த ஒட்டுப்போட்ட இசையைக் கேட்டே வளர்ந்தாள். கல்லூரிக்குப் போன பின் ஒருநாள் வானொலியில் முழுப் பதிவு வந்ததாம். கேட்டுவிட்டு அவள் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை டாக்டர் எனக்குப் படித்துக் காட்டினார்: 'எல்லாம் சரியாகத்தான் வாசித்தார்கள் அப்பா. கலியபெருமாள் மாமா தடுக்கி விழும் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.'