மைக் செட் நைனாவும் ஆகாசக் காவடியும்

ஒரு சேதியைக் கேட்டது கேட்டபடி திருப்பிச் சொல்லவே தெரியாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் திருத்தணியில் மைக் செட் கடை வைத்திருந்தார்.

தூறல் விழுகிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீங்கள் பஜாரின் அந்தக் கோடிக்குப் போனால், நந்தியாறு கரை உடைத்துக்கொண்டதாகவும் கே.ஜி.கண்டிகை பஸ் பாதி வழியில் மிதப்பதாகவும் அங்கே உங்களுக்கே ஒருவர் சொல்வார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். காதில் விழுகிற விஷயம் அவருக்கு எப்போதும் கொஞ்சம் இளைத்துத் தெரியும். அதை அப்படியே நோஞ்சானாக அடுத்தவரிடம் அனுப்ப மனசு வராது, அவ்வளவுதான்.

தெலுங்கு பேசும் வீட்டுக்காரர். ஊரே அவரை நைனா, அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடும். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவருடைய ஊதுகுழல் ஸ்பீக்கர்தான். மேடையில் யார் பேசுவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ‘மைக் டெஸ்டிங்’ என்ற பெயரில் கால் மணி நேரம் நைனா பேசிவிடுவார். பல கூட்டங்களில் கைதட்டல் அதற்குத்தான் விழும்.

எண்பதுகளின் தொடக்கம். நான் அங்கே தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீஸ் முடிந்தால் ஹாம் ரேடியோ. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சென்னை மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய பாகங்களை வைத்துச் சொந்தமாகச் செட் கட்டி, முகம் தெரியாத ஒருவரிடம் ‘உங்க குரல் நல்லா கேக்குது, என் குரல் கேக்குதா?’ என்று மணிக்கணக்கில் விசாரிப்பதற்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கிறுக்கு திருத்தணி வட்டாரத்தில் மூன்று பேருக்கு இருந்தது. நான், நைனா, சாமுவேல் சார். சாமுவேல் சார் ஆர்.கே.பேட்டைப் பக்கம் மிஷன் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்த கையோடு பைபிளும் சால்டரிங் இரும்பும் ஒரே பையில் இருக்க, பஸ் பிடித்து வந்துவிடுவார்.

எங்கள் செட்டுகளுக்கு ஒரு குறை உண்டு. நடுவில் மலை வந்தால் பேச்சு நின்றுவிடும். வேலூர்க்காரர் பேசுவது சென்னைக்காரருக்குக் கேட்காது. மலைச்சரிவில் இருந்த நைனா வீட்டு மொட்டை மாடியில் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அதனால் ஒருவர் சொல்வதை வாங்கி இன்னொருவருக்குச் சொல்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. வினை வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஒரு நாள் வேலூர் நண்பர், தனக்கு லேசாக ஜலதோஷம், அதனால் சீக்கிரம் படுக்கப் போகிறேன் என்றார். நைனா அதைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் சென்னையிலிருந்து ஹாம்காரர்கள் ஒரு வேன் பிடித்து, சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் சகிதம் வேலூரில் போய் இறங்கினார்கள். அதில் ஒருவர் மாலையும் வாங்கி மறைத்து வைத்திருந்தார். வேலூர் நண்பர் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு முடிவானதுதான் ரிப்பீட்டர். மலைமேல் ஒரு பெட்டி. கீழே ஒருவர் பேசுவதைக் கேட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல், அந்த நொடியே பலமாக்கி இன்னொரு அலைவரிசையில் எல்லாருக்கும் அனுப்பிவிடும். சுருக்கமாகச் சொன்னால், நைனா இல்லாத நைனா. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் திட்டத்துக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகமாக ஓடியவர் நைனாதான். கடையைப் பாதி நாள் மூடிவிட்டு மலைக்கும் பஜாருக்குமாக அலைந்தார். கோயிலுக்குப் போகும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டி அறையைப் பெட்டி வைக்கக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். கேட்ட இடத்தில் என்ன சொல்லி வாங்கினாரோ, நாங்கள் விசாரிக்கவில்லை.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. செண்பகம் தஞ்சாவூர்ப் பக்கம். வாசலில் இறங்கினால் பாதிப் பேச்சு தெலுங்கில் நடக்கிற ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. என் ரேடியோ சிநேகிதர்களுக்குக்கூட நான் அவளைக் காட்டியதில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்பதே கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. நான் பார்த்த பார்வையில் குடும்பம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக அவள் அண்ணன் வரவேண்டும். நடவு வேலையில் மாட்டிக்கொண்டதால் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். அவளோ ஆடி பிறந்த அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டாள். மாதம் ஒன்று இருந்துவிட்டு வர நாலு புடவை போதும். இவள் கல்யாணப் பட்டு, குத்துவிளக்கு, அம்மா கொடுத்த வெண்கலப் பானை வரைக்கும் உள்ளே வைத்திருந்தாள். ‘இதெல்லாம் எதற்கு?’ என்றேன். ‘இருக்கட்டும்’ என்றாள். போகிறவள் திரும்பி வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏரியலைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

ஏரியல் என்றால் ரிப்பீட்டர் பெட்டிக்காக மலையில் நட்ட கம்பம்தான். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த நீளக் குழாயை நாங்கள் மூன்று பேரும் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினோம். லாரியில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்களே, அதுபோல் எதிரே வருகிறவர் கண்ணில் குத்தாமல் இருக்க ஒரு துணி கட்டலாம் என்றார் நைனா. கையில் இருந்தது மஞ்சள் துண்டு. கட்டினார்.

திருத்தணிப் படியில் மஞ்சள் துணி கட்டிய நீளமான எதையாவது தோளில் வைத்துக்கொண்டு ஏறினால் என்ன ஆகும் என்று மூன்று லைசென்ஸ்காரர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னால் யாரோ அரோகரா என்றார்கள். அடுத்த திருப்பத்தில் பத்துத் தோள் வந்து சேர்ந்தது. அதற்கடுத்த திருப்பத்தில் எங்கள் தோளுக்கு இடமில்லை. சாமுவேல் சார் நெற்றியில் யாரோ விபூதி பூசிவிட்டார்கள். மனிதர் மரியாதைக்காகத் துடைக்காமல் வந்தார். மேலே சேர்ந்ததும் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, இது என்ன காவடி என்று கேட்டார். ‘ஏரியல்’ என்று நான் சொல்வதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

“இது ஆகாசக் காவடிங்க. இதும் கீழ நின்னு பேசினா எட்டு ஊருக்குக் கேக்கும்.”

சயின்ஸ்படி பார்த்தால் அதில் தப்பே இல்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. கூட்டத்தில் தவறிப்போகிறவர்களைச் சேர்த்து வைக்க ரிப்பீட்டர் உதவட்டும் என்று விசேஷ அனுமதி வாங்கியிருந்தோம். கோயில் வாசல் பந்தலில் ஒரு செட்டோடு சாமுவேல் சார். அடிவாரக் குளக்கரைப் பந்தலில் ஒரு செட்டும் மைக்குமாக நான். நடுவில் பாறை, அதனால் நேராகப் பேச முடியாது. படிக்கட்டுப் பக்கம் தொட்டி அறையில் பெட்டியும் அதற்குக் காவலாக நைனாவும். காலையில் பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. தவறிய பிள்ளைகள் அழுது முடிப்பதற்குள் அம்மா இடுப்பில் ஏறிவிட்டார்கள்.

வெயில் ஏறின நேரத்தில் பெட்டி செத்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே அலைவரிசையில் நைனாவே வந்தார்.

“சார், காவடிக்குப் பால் ஊத்திட்டாங்க. கேபிள் வழியா பெட்டிக்குள்ள எறங்கி உள்ள கருகிப்போச்சு. கையில ரெண்டு செட்டு கீது. ஒண்ணுல கேட்டு ஒண்ணுல சொல்றேன். இனிமே நான்தான் பெட்டி.”

இருக்கிற கூட்டத்தில் ஒரு குழந்தை தவறினால் இவர் வாயில் அது ஒரு பள்ளிக்கூடமாகிவிடும். நைனா, உங்கள் காலில் விழுகிறேன், கேட்டதை மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“ஆங். இன்னிக்கி நான் மனுசன் இல்ல சார். பெட்டி.”

நம்ப மாட்டீர்கள், மனிதர் அப்படியே இருந்தார். ‘நாலு வயசுப் பையன், நீலச் சட்டை’ என்றால் நாலு வயசு, நீலச் சட்டை. அதற்குமேல் ஒரு பொத்தான்கூடச் சேர்க்கவில்லை. நிழல் இல்லாத பாறையில், காதுக்கு ஒரு செட்டாக வைத்துக்கொண்டு, மேலிருந்து வருவதைக் கீழேயும் கீழிருந்து வருவதை மேலேயும் தள்ளிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டத் தொடங்கியது. பெட்டி செத்த விஷயம் தெரியாத சாமுவேல் சார் ஒரு தடவை, ரிப்பீட்டர் ஏன் இருமுகிறது என்று கேட்டார். அதையும் நைனா ஒழுங்காக எனக்கு அனுப்பிவிட்டு இருமினார்.

பிற்பகலில் மேலிருந்து ஒரு சேதி. இளம்பெண், பச்சைப் புடவை, வெளியூர்ப் பேச்சு. கணவர் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள், கோபுரத்தைக் கைகாட்டுகிறாள். அந்தக் காலத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கோபுரத்தைக் காட்டினால் அந்தச் சாமி பெயர் என்று அர்த்தம். நான் உடனே மைக்கைப் பிடித்து, மனைவியைத் தவறவிட்ட சுப்பிரமணி எங்கிருந்தாலும் குளக்கரைப் பந்தலுக்கு வரவும் என்று முழங்கினேன். கிருத்திகையன்று திருத்தணியில் அப்படிக் கூப்பிடலாமா? பந்தல் முழுக்கச் சுப்பிரமணிகள். பலர் பக்கத்திலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள். சந்தேகத்துக்கு வந்து பார்த்தார்களாம். பொறுப்பில்லாத புருஷர்களைப் பற்றி மைக்கில் நாலு வார்த்தை சொன்னேன். என் பெயரும் சுப்பிரமணியன்தான். ஆனால் என் மனைவி வீட்டில் அல்லவா இருக்கிறாள்?

அப்போது சாமுவேல் சாரின் கட்டைவிரல் ஒரு காரியம் செய்தது. பேசி முடித்தும் செட்டின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே, அந்தப் பெண்ணிடம் ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவள் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் நைனா காதில் போய் விழுந்தது. நைனாவோ அன்றைக்குப் பெட்டி. கரகரத்த ஆண் குரலில் தஞ்சாவூர்ப் பேச்சு என் செட்டில் வரத் தொடங்கியது.

“பக்கத்து வீட்டு அக்காகூட வந்தேங்க. கை நழுவிப் போச்சு. எங்க வீட்டுக்காரங்க இங்கதான் எங்கயோ ரேடியோவோட இருக்காங்க.”

சுப்பிரமணிகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாளைக்கு எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடும். திரும்பி வர்றதா இல்லைங்க. கண்ணுல பாக்காதவங்களை எல்லாம் நல்லா இருக்கீங்களா, நான் பேசுறது கேக்குதான்னு கேக்குறாங்க. என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தா எவ்வளவோ சொல்லியிருப்பேன்.”

நைனா இதற்கு முன்னால் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, பின்னால் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மைக்கை முதலில் நின்ற சுப்பிரமணி கையில் கொடுத்துவிட்டுப் படியேறி ஓடினேன்.

வழியில் தொட்டி அறைப் பாறை. நைனா கண்ணெல்லாம் சிவக்க உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு செட்டையும் கொஞ்சம் கீழே வைத்தார்.

“சேத்துச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். அந்தப் பொண்ணு சொன்னதுக்கு மேல சேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீ போய்கினே இரு.”

அன்றைக்கு அந்திவரை நானும் செண்பகமும் கோயில் படியோரம் உட்கார்ந்திருந்தோம். அவள் பேசினாள். அவளுடைய ஊர், அக்கா தங்கைகள், இங்கே காய்காரியோடு ஜாடையிலேயே பேரம் பேசுகிற கஷ்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இவ்வளவு சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் அண்ணன் வந்தான். புறப்படுவதற்கு முன்னால் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து குத்துவிளக்கையும் வெண்கலப் பானையையும் எடுத்து, இருந்த இடத்தில் திரும்ப வைத்தாள்.

வழியனுப்ப நைனாவும் ஸ்டேஷனுக்கு வந்தார். கழுத்தில் மப்ளர். குரல் அடியோடு போயிருந்தது. திருத்தணி பஜாரில் அன்றைக்கு முதல் தடவையாக நடந்தது நடந்தபடியே பேசப்பட்டது. அவர் பேச வாயெடுத்தபோது பேச வேண்டாம் என்று செண்பகம் கையமர்த்தினாள். பனங்கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்தாள். வண்டி நகரும் நேரத்தில், பக்கத்திலேயே நின்ற என்னை விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக அவரிடம்தான் சொன்னாள்.

“ஆவணி பொறந்ததும் வந்துடுறேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

நைனா என் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இல்லாத குரலை எங்கிருந்தோ இழுத்து, “ஆவணி பொறந்ததும் வந்துடுறேன்” என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ நாட்டுக் குரல்களை ரேடியோவில் கேட்டுவிட்டேன். அந்தக் குரலைப்போல் இனிமையான ஒன்றை நான் கேட்டதே இல்லை.