மாமாவை உள்ளே வைத்துப் பூட்டியது பற்றி

மரியாதைக்குரிய பெரிய மாமாவுக்கு,

மருமகள் ஆரபி எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்கவேண்டும். ஆனால் அப்பா வெள்ளி இரவிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மற்றவர்கள் படுத்த பிறகு குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, ரோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

மாமா, உங்களைக் கந்தோருக்குள் வைத்துப் பூட்டியதற்குக் காரணம் நான்தான். "கந்தோரில் சுற்றாடலைக் காப்போம்" என்று தலைப்புப் போட்டு, பஸ்ஸில் வாருங்கள், லைற்றை நிறுத்துங்கள் என்றெல்லாம் எழுதிய தாள்களை மரக்கறிச் சங்கக் கந்தோர் முழுக்க ஒட்டியவள் நான். நீங்கள் மனேஜர், வாசித்துச் சிரித்துவிட்டுப் போவீர்கள் என்று நினைத்தேன். ஒன்றுவிடாமல் செய்வீர்கள் என்று யார் கண்டது? மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தீர்கள், அதனால் வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை. லைற்றையும் ஃபானையும் நிறுத்திவிட்டு யன்னலோரம் இருந்து எழுதினீர்கள், அதனால் அறை இருட்டாக இருந்தது, சத்தமும் இல்லை. போத்தலில் தண்ணீர் கொண்டுவந்ததால் தேத்தண்ணி கேட்டுக்கூடக் குரல் கொடுக்கவில்லை. சார்ஜரைச் செருகியபடி விடாதீர்கள் என்றும் ஒட்டியிருந்தேன், அதனால் போனும் செத்துப்போனது. பியோனாக இருக்கிற அப்பா நீங்கள் வெள்ளெனவே வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று நம்பிப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நீங்கள் கூப்பிட்டதெல்லாம் கோயில் திருவிழா ஸ்பீக்கருக்குள் மறைந்துபோனது. மாமி தேடி வந்த பிறகுதான் அப்பா சைக்கிளில் பறந்துபோய்த் திறந்தார். நீங்கள் சேட்டைக் கழற்றிவிட்டுப் பைலால் விசிறிக்கொண்டிருந்தீர்களாம். அப்பாவை ஒருதரம் பார்த்தீர்களாம். ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டீர்களாம்.

"கொண்ணை ரண்டு ஏச்சு ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். திங்கக்கிழமை கந்தோர்ப் பூட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வேலையை விடுறன்" என்று அப்பா உங்கள் தங்கச்சியிடம், அதுதான் அம்மாவிடம், சொன்னார்.

"விட்டிட்டு? வீட்டிலை இருந்து என்ரை லைற்றையும் நிப்பாட்டப் போறியளோ?" என்று கேட்ட அம்மாதான் பிறகு அழுதா.

அப்பா அந்தத் திறப்புக்கோர்வையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார், மாமா. நாளைக்கு அதை வாங்காதீர்கள். என்னை எவ்வளவும் ஏசுங்கள். ஒட்டியதை எல்லாம் நானே உரித்துவிடுகிறேன்.

மாமிக்கும் மச்சாளுக்கும் என் அன்பு. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் மருமகள்
ஆரபி

பி.கு.: மாமா, மேலே உள்ள எதையும் வாசிக்கவேண்டாம். விடிய இதைக் கொண்டுவர வெளிக்கிட்டால், எங்கள் வீட்டு வாசல் படலையில் நீங்களே நிற்கிறீர்கள். அப்பா திறப்பை நீட்டினார். நீங்கள் வாங்கவில்லை.

"வச்சிரு மச்சான். ஆக்களும் இல்லை, போனும் இல்லை, மாசக்கணக்காக் கிடந்த வேலை அண்டைக்குத்தான் முடிஞ்சுது. வாற வெள்ளியும் பூட்டிவிடு."

"அப்ப ஏன் அண்டைக்கு என்னோடை கதைக்கேல்லை?" என்று அப்பா கேட்டார்.

"கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சடா. இண்டைக்குத்தான் குரலே வந்தது."

பிறகு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனீர்கள். மனேஜர் பின் கரியரில்.